எல்லவில் ஓர் இரவுக்கு எவ்வளவு கொடுக்கலாம்?

பயணக் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் எல்லவையும் பதுளை மாவட்டத்தையும் சுற்றியவற்றையும், அங்கிருந்து தமிழ்நாடு போகிற ஒருவரின் கேள்வியையும் எடுத்துக்கொண்டோம். பதில் சொல்பவர், பண்டாரவளையில் இருந்துகொண்டு பயணிகளுக்குத் தங்குமிடம் ஏற்பாடு செய்து தருகிறவர்.

கேள்வி: மே மாதப் பள்ளி விடுமுறையில் கணவரோடும் இரண்டு பிள்ளைகளோடும் (12 வயது, 8 வயது) இலங்கைக்கு வருகிறோம். எங்களுக்கு முதல் வெளிநாட்டுப் பயணம். எல்லவில் மூன்று இரவு. தங்குவதற்கு மட்டும் 30,000 இந்திய ரூபாய் ஒதுக்கியிருக்கிறோம். "படுத்து எழுந்திரிக்கத்தானே அறை, மூவாயிரத்துக்குக் கிடைப்பதே போதும்" என்கிறார் கணவர். "மறுபடி எப்போது வரப்போகிறோம், பத்தாயிரம் கொடுத்து மலை தெரிகிற மாதிரி எடுப்போம்" என்கிறேன் நான். யார் சொல்வது சரி?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: இருவர் சொல்வதும் சரிதான். மூன்று இரவுக்கும் ஒரே விலை என்று இருவருமே நினைப்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

அறைக்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று பார்க்கும்போது நட்சத்திரத்தை எண்ண வேண்டாம். அந்த அறையில் நீங்கள் விழித்திருக்கப்போகும் பகல்நேரத்தை எண்ணுங்கள். எல்லவுக்கு வருகிறவர்களுக்கு அது மிகவும் குறைவு. விடியுமுன் எழுந்து, லிட்டில் ஆடம்ஸ் பீக் என்று எல்லோரும் சொல்கிற சின்ன மலைக்கு ஏறுவீர்கள். இறங்கிவந்து சாப்பிட்டுவிட்டுத் தேயிலைக்குள் நடந்து ஒன்பது வளைவுப் பாலத்துக்குப் போவீர்கள். 1921இல் கட்டி முடித்த பாலம், 80 அடி உயரம்; ரயில் ஒன்று கடந்துபோகாமல் உங்கள் பிள்ளைகள் அங்கிருந்து நகர மாட்டார்கள். மாலையில் வெல்லவாய வீதியில் இராவணன் நீர்வீழ்ச்சி. மறுநாள் எல்ல ராக் ஏறி இறங்கினால் அரைநாள் போய்விடும். இந்த இரண்டு நாளும் அறைக்குத் திரும்பும்போது இருட்டியிருக்கும், கால் கெஞ்சும். ஜன்னலுக்கு வெளியே பள்ளத்தாக்கு இருந்தால் என்ன, பக்கத்து வீட்டுச் சுவர் இருந்தால் என்ன? அப்போது வேண்டியது சுடுதண்ணீர், ஈரமில்லாத போர்வை, சத்தமில்லாத தூக்கம். எல்ல, கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் இருக்கிறது. மதுரைப் பிள்ளைகளுக்கு மே மாதத்திலும் ராத்திரி குளிரும்.

ஆகவே முதல் இரண்டு இரவையும் ஒரு குடும்பம் நடத்துகிற வீட்டு விடுதியில் கழியுங்கள். இரவுக்கு 5,000 இந்திய ரூபாய் வரை போகலாம். இன்றைய கணக்கில் ஓர் இந்திய ரூபாய்க்கு மூன்றேகால், மூன்றரை இலங்கை ரூபாய் வருகிறது. ஆக 16,000, 17,000 இலங்கை ரூபாய். நெரிசல் இல்லாத நாளில் அதற்கு அடுத்தடுத்து இரண்டு அறையோ, நால்வர் படுக்கும் பெரிய அறையோ காலைச் சாப்பாட்டோடு கிடைக்கும். இடியப்பமும் பருப்பும் தேங்காய்ச் சம்பலும் வரும். நீங்கள் சைவம் என்றால் முதல் நாள் இரவே சொல்லிவிடுங்கள், சம்பலில் மாசிக் கருவாடு போடாமல் இடித்துத் தருவார்கள்.

மூன்றாவது இரவுக்கு 15,000 இந்திய ரூபாய் கொடுங்கள், தயங்காமல். அன்று வேறு எந்தத் திட்டமும் வைக்காதீர்கள். பெரிய விடுதிகள் பகல் 2 மணிக்கு அறை தரும், மறுநாள் 11 அல்லது 12 மணிக்குக் கேட்டு வாங்கும். சரியாக 2 மணிக்கு வாசலில் நில்லுங்கள். பிள்ளைகள் நீச்சல் குளத்தில் கிடக்கட்டும். நீங்கள் இருவரும் வராந்தாவில் உட்கார்ந்து, இரண்டு மலைக்கு நடுவே தெற்குச் சமவெளி வரை திறந்து கிடக்கிற எல்லப் பள்ளத்தாக்கைப் பொழுது சாயும்வரை பாருங்கள். காலையில் அதே இடத்தில் மூடுபனி கலைவதையும் பார்க்கலாம். நீங்கள் கொடுத்த காசு முழுவதும் அப்போது உங்களுக்கே வந்து சேர்கிறது. மிச்சமிருக்கிற 5,000 கையில் இருக்கட்டும். மழை வந்து திட்டம் மாறினால் அது தேவைப்படும்.

விலை கூடிய இரவு கடைசியாக இருக்க வேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. கண்டியில் காலையில் ரயில் ஏறினாலும் எல்லவுக்கு வந்துசேர மாலையாகிவிடும்; தாமதமானால் இருட்டிவிடும். வந்த களைப்பில் ஐம்பதாயிரம் இலங்கை ரூபாய் அறையில் படுத்துத் தூங்குவது வீண். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயல் மலைநாட்டு ரயில் பாதையைப் பல இடங்களில் சிதைத்தது. ஆகவே எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை ரயில் ஓடுகிறது என்பதைப் புறப்படுமுன் ரயில்வேயில் விசாரித்துக்கொண்டு அறையைப் பதியுங்கள்.

"பாலம் தெரியும் அறை" என்று கூடுதலாகக் கேட்பார்கள். அதற்கு ஒரு ரூபாயும் கூட்டிக் கொடுக்காதீர்கள் என்பது என் கருத்து. பாலத்தின்மேல் ஒரு நாளில் சில ரயில்கள்தான் போகின்றன, அவற்றைப் பாலத்தடியில் நின்று பார்ப்பதற்கு ஜன்னல் ஈடாகாது.

உங்கள் கணவர் சொல்லும் மூவாயிரம் ரூபாய் அறையும் எல்லவில் இருக்கிறது, சில நன்றாகவும் இருக்கின்றன. ஆனால் விலை குறைந்ததன் காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஊரைவிட்டுத் தள்ளி மூன்று கிலோமீட்டரில் இருந்தால் சாப்பாட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் ஒவ்வொரு தடவையும் ஆட்டோ பிடிக்க வேண்டும். நால்வருக்கு இரண்டு நாளில் வாடகை மிச்சம் முழுக்க ஆட்டோவுக்குப் போய்விடும். கடைத்தெருவின் மேலேயே இருந்தால் பாட்டுச் சத்தம் நள்ளிரவு வரை கேட்கும். வண்டி போகாத ஒற்றையடிப் பாதையில் நூறு படி ஏற வேண்டிய வீடுகளும் உண்டு, பெட்டி தூக்கிக்கொண்டு அந்தப் படியை நினைத்துப் பாருங்கள். இந்த மூன்றையும் தொலைபேசியில் கேட்டால் பெரும்பாலானோர் உண்மையைச் சொல்வார்கள்.

காசு மிச்சம் பிடிக்கவே கூடாத இடம் ஒன்று இருக்கிறது: கட்டடம் நிற்கிற நிலம். எங்கள் மாவட்டத்தின் மண் சரியும் மண். 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. டித்வாவில் பதுளை மாவட்டம் பட்டதை உலகமே பார்த்தது. சுற்றுலாக் காசு வரத் தொடங்கியபின் எல்லவைச் சுற்றிச் செங்குத்தான சரிவை வெட்டிக் கட்டிய மாடிகள் ஏராளம். சரிவு விளிம்பில் தூண்மேல் நிற்கும் அறை படத்தில் அழகாக இருக்கும். மழைக்காலத்தில் அதில் என் பிள்ளைகளைப் படுக்கவைக்க மாட்டேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக மண்சரிவு எச்சரிக்கை விடும், சிவப்பு என்றால் இடத்தைக் காலிசெய்ய வேண்டும். "எச்சரிக்கை வந்தால் பணம் திரும்புமா?" என்று பதியுமுன் கேளுங்கள். ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைக்குப் பத்து சதவீதம் கூடவென்றாலும் கொடுங்கள், முக்கியமாக அக்டோபரிலிருந்து ஜனவரி வரை வருகிறவர்கள். அந்த மாதங்களில் பள்ளத்தாக்கை மேகம் மூடியிருக்கும் நாட்களும் அதிகம், காட்சிக்கென்று கூட்டிக் கொடுப்பதில் அர்த்தமில்லை.

நீங்கள் வருவது மே மாதம். பிற்பகலில் இடிமழை வரலாம், காலை வேளைகள் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். சித்திரைப் புத்தாண்டுக் கூட்டம் கலைந்திருக்கும். வெசாக் விடுமுறை நாட்களை மட்டும் தவிர்த்துவிட்டால் விலை பேசவும் இடமுண்டு.

கேள்வி: எல்லவில் நான் பார்த்த விடுதி 100 டாலர் என்று போட்டிருந்தது. விசாரித்தால் 130 டாலர் ஆகும் என்கிறார்கள். அதே அறை கொழும்பில் இருக்கும் என் ஒன்றுவிட்ட தம்பிக்குப் பாதி விலைக்குக் கிடைக்கிறது. இது ஏமாற்று இல்லையா? தம்பி பெயரில் பதிந்துகொள்ளலாமா?
- ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஏமாற்று இல்லை. 100 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்திருக்கும். அறை விலைமேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அந்த 110மேல் 18 சதவீதம் வாட் வரி. அதுவே ஏறக்குறைய 130 ஆகிவிடுகிறது. சிறிய வரிகள் வேறு உண்டு. 2024 ஜனவரியிலிருந்து வாட் 18 சதவீதம். சின்ன வீட்டு விடுதிகள் பெரும்பாலும் வாட் பதிவு வரம்புக்குள் வருவதில்லை, அவர்கள் சொல்லும் விலையே கடைசி விலையாக இருக்கும். ஆகவே 90 டாலர் வீட்டு விடுதியையும் 75 டாலர் பெரிய விடுதியையும் ஒப்பிடுகிறவர்கள் முதலில் "எல்லாம் சேர்த்து எவ்வளவு?" என்று கேளுங்கள். கடைசியில் பெரிய விடுதிதான் கூடுதலாக வரும்.

உள்ளூர்வாசிக்கு ஒரு விலை, வெளிநாட்டவருக்கு ஒரு விலை என்பது இங்கே வெளிப்படையாகவே இருக்கும் வழக்கம். 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் நின்றபோது ஒரு டாலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாயைத் தொட்டது. சம்பளம் அந்த வேகத்தில் ஏறவில்லை. டாலர் விலையையே கேட்டால் சொந்த நாட்டு மலையை இந்த நாட்டு ஆசிரியரும் எழுதுவினைஞரும் பார்க்க முடியாது. தம்பி பெயரில் பதியாதீர்கள். வரவேற்பில் கடவுச்சீட்டைக் கேட்பார்கள், வித்தியாசத்தைக் கட்டச் சொல்வார்கள், தம்பிக்குத்தான் தலைகுனிவு. விலையைக் குறைக்க நேர்மையான வழி இருக்கிறது. இணையப் பதிவுத் தளங்கள் விடுதியிடம் கணிசமான தரகு வாங்குகின்றன. அறையை அங்கே பார்த்துவிட்டு, விடுதிக்கு நேரே அழைத்து, "நேரடியாக வந்தால் எவ்வளவு?" என்று கேளுங்கள். அட்டையில் கட்டும்போது இயந்திரம் இந்திய ரூபாயா இலங்கை ரூபாயா என்று கேட்டால் இலங்கை ரூபாயையே தெரிவுசெய்யுங்கள்; இந்திய ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் காசு போகும்.

வேனும் டிரைவருமாக வருவீர்கள் என்றால் இன்னொன்றும் கேளுங்கள்: டிரைவருக்குப் படுக்க இடம் உண்டா? பெரிய விடுதிகள் பலவற்றில் அவருக்கென்று அறை இருக்கும். சின்ன இடங்களில் இருக்காது, அவர் வண்டிக்குள்ளேயே குளிரில் சுருண்டு கிடப்பார். அடுத்த நாள் உங்கள் குடும்பத்தை வெல்லவாய வளைவுகளில் இறக்கிக் கொண்டுபோகப்போவது அவர்தான். அவருடைய தூக்கத்துக்கான காசையும் தங்கும் செலவிலேயே சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது. பசறைப் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 1973இல் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி வந்தவர். இங்கே அரசின் டேன்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து எங்களை வளர்த்தார். சாவதற்குள் பிறந்த லயத்தைப் பார்க்க வேண்டும் என்கிறார். சித்தி மகள் குடும்பம் இன்னும் அங்கேதான். "அவள் வீட்டிலேயே படுத்துக்கொள்கிறேன், ஹோட்டலுக்குக் காசைக் கொட்டாதே" என்கிறார் அம்மா. நான் இப்போது சம்பாதிக்கிறேன். எல்லவில் இரவுக்கு 10,000 இந்திய ரூபாயில் நல்ல விடுதி எடுத்து அம்மாவை ராணி மாதிரி வைத்துக்கொள்ள ஆசை.
- ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: உங்கள் ஆசையும் அம்மாவின் ஆசையும் எனக்குப் புரிகிறது, சகோதரி. 1964 அக்டோபரில் இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று எங்கள் சனத்தைப் பிரித்தார்கள். ஒரே லயத்தில் அக்காள் போனாள், தங்கை நின்றாள். உங்கள் அம்மா வருவது சுற்றுலாவுக்கு அல்ல. ஆகவே தங்கும் செலவையும் சுற்றுலாக் கணக்கில் போட முடியாது.

லயத்தில் இராத்தங்க வேண்டாம் என்பேன். பத்துக்குப் பன்னிரண்டடி அறையில் இருக்கிற ஒரே கட்டிலை உங்களுக்குக் கொடுத்துவிட்டு அவர்கள் தரையில் படுப்பார்கள். கடன் வாங்கியாவது கோழி அடிப்பார்கள். ராத்திரி அம்மா எழுந்தால் கழிவறை வெளியே இருக்கலாம், படியில் ஈரம் இருக்கும். 72 வயதில் ஒருமுறை விழுந்தால் போதும், பயணம் ஆஸ்பத்திரியில் முடியும்.

எல்லவும் வேண்டாம். பசறைக்குப் பதுளைதான் வாசல். எல்லவிலிருந்து போனால் ஒவ்வொரு நாளும் மலைப்பாதையில் அம்மாவை ஆட்டிக் கொண்டுபோக வேண்டும். அதைவிட ஒரு காரணம் எனக்குப் பெரிதாகப் படுகிறது. 10,000 இந்திய ரூபாய் என்பது 33,000 இலங்கை ரூபாய்க்கு மேல். 2024இல் 1,350 ரூபாயாக நிர்ணயமான தோட்ட நாட்சம்பளத்தில் பார்த்தால் ஏறக்குறைய 25 நாள் மலையேறிய கூலி. உங்கள் சித்தி மகள் உங்களைப் பார்க்க வருவார். வாசலில் காவலாளி "யாரைப் பார்க்க?" என்று நிறுத்துவார். கண்ணாடி மேசை முன் அவர் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி நிற்பதை உங்கள் அம்மா பார்க்கக் கூடாது.

பதுளை டவுனில் தரைத்தளத்தில், சுடுதண்ணீரும் மேல்நாட்டுக் கழிவறையும் உள்ள நடுத்தரமான கெஸ்ட் ஹவுஸ் எடுங்கள். இரவுக்கு 3,000, 3,500 இந்திய ரூபாயை மீற வேண்டியதில்லை. "உறவுக்காரர்கள் வந்து உட்கார்ந்து பேசலாமா, ஐந்தாறு பேருக்கு மத்தியானச் சாப்பாடு போட முடியுமா?" என்று கேட்டுவிட்டு எடுங்கள். பகலெல்லாம் லயத்தில் இருங்கள். அங்கே ஒருவேளை கட்டாயம் சாப்பிடுங்கள், மறுத்தால் மனம் உடைந்துபோவார்கள். அரிசி, மா, பருப்பு, சீனி, பால்மா எல்லாம் பதுளையில் வாங்கிக்கொண்டு போங்கள். மிச்சம் பிடித்த காசைச் சித்தி மகளின் கையில் திணித்தால் வாங்க மாட்டார். வீட்டுப் பிள்ளைகளின் படிப்புக்கென்று கொடுத்தால் வாங்குவார்.

உங்கள் ஆசைக்கும் ஓர் இரவு வைக்கலாம். அப்புத்தளை, பண்டாரவளைப் பக்கம் அந்தக் காலத்துத் துரை பங்களாக்கள் சில விடுதிகளாகியிருக்கின்றன. உங்கள் அம்மாவின் காலத்தில் பங்களா முன்வாசலில் கூலிக்காரப் பிள்ளை கால்வைத்திருக்க முடியாது. திரும்பிப் போகுமுன் ஒரே ஓர் இரவு அப்படி ஒரு பங்களாவில் அவரை முன்வாசல் வழியாக அழைத்துப் போங்கள், சித்தி மகளையும் கூட்டிக்கொண்டு. இருவரும் அந்த வராந்தாவில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கட்டும். அதற்கு 20,000 இந்திய ரூபாய் போனாலும் அதிகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் அம்மாவிடம் கேளுங்கள். அந்த வீட்டுக்குள் போக மனம் வரவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள்; அந்தக் காசுக்கு இன்னும் ஐந்தாறு நாள் பதுளையில் இருக்கலாம்.

கேள்வி: நான் ஆசிரியர். அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு முதல்முறையாகத் தமிழ்நாடு போகிறேன். சென்னை, திருச்சி, பழனி, மதுரை, பத்து நாள். தாத்தாவின் ஊர் துறையூருக்குப் பக்கத்தில் என்பார்கள், அதையும் தேட வேண்டும். பஸ் நிலையத்துப் பக்கம் 800 இந்திய ரூபாய்க்கே லாட்ஜ் உண்டு என்கிறார்கள். போதுமா?
- ஒரு வாசகர், ஹாலிஎல

பதில்: 800 ரூபாய் லாட்ஜை உங்களால் பிடிக்க முடியாமலே போகலாம், காசு இருந்தாலும். இந்தியாவில் வெளிநாட்டுக் கடவுச்சீட்டோடு வருகிறவரின் விவரத்தை விடுதிக்காரர் 24 மணிநேரத்துக்குள் குடிவரவு அலுவலகத்துக்கு இணையத்தில் தெரிவிக்க வேண்டும். "சி ஃபார்ம்" என்று அவர்கள் பேசிக்கொள்வது இதைத்தான். சின்ன லாட்ஜ்கள் பல இந்த வேலைக்குப் பயந்து, இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் "ரூம் இல்லை" என்றுவிடுவார்கள். பேச்சும் முகமும் ஒன்றாக இருந்தாலும் அங்கே நாம் வெளிநாட்டுக்காரர்கள். இரவு பத்து மணிக்கு வயதான அப்பா அம்மாவோடு படியேறிப் படியிறங்கும் நிலை வரக் கூடாது. முன்கூட்டியே அழைத்து, "இலங்கைக் கடவுச்சீட்டு, மூன்று பேர், தருவீர்களா?" என்று கேளுங்கள்.

மூவருக்கு இரவுக்கு 1,800 முதல் 2,500 இந்திய ரூபாய் வரை வையுங்கள். சென்னையில் கொஞ்சம் கூடும், பழனியில் குறையும். 7,500 ரூபாய்க்குட்பட்ட அறைக்கு 2025 செப்டம்பர் 22இலிருந்து வரி 5 சதவீதம்தான், முன்பு 12 ஆக இருந்தது. பழனியில் தேவஸ்தான விடுதிகளும், திருவரங்கத்தில் யாத்ரி நிவாஸும், பல ஊர்களில் அரசு நடத்தும் ஹோட்டல் தமிழ்நாடும் உண்டு. கோயிலுக்குப் பக்கத்திலும் இருக்கும், விலையும் நியாயமாக இருக்கும். தைப்பூசம், பங்குனி உத்திரம் போன்ற நாட்களில் மட்டும் கிடைக்காது. துறையூர்த் தேடலுக்குத் திருச்சியில் மூன்று இரவாவது ஒரே அறையில் தங்குங்கள். தினமும் பெட்டி கட்டி இடம் மாறினால் பெரியவர்கள் சோர்ந்துபோவார்கள்.

சென்னையில் முதல் இரவுக்கான அறையை "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று விடாதீர்கள். விமான நிலையத்தில் தங்கும் விலாசம் கேட்பார்கள். புறப்படுமுன் உறுதிசெய்து, அந்தத் தாளை அச்செடுத்து அப்பாவிடம் ஒன்றும் உங்களிடம் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்.